நாய்க்கும் ஒரு கல்



இலக்கியம் பற்றிப் பேச வந்தவன் நாயைப் பற்றிப் பேசப்போகிறான் என்று அறிந்தால் உங்களிற் சிலர் வானொலியின் ஒலியைக் குறைத்துவிடவும் கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். வீட்டில் வளர்த்த ஒரு பிராணி இறந்துபோனால் அந்தத் துயரை என்ன செய்வது என்பதுதான் இன்றைய பொருள். இதற்கு நான் விடை தேடிச் சென்ற இடம் நமது பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று. ஆனால் கேள்வி பிறந்தது நாரந்தனையில், என் வீட்டு முற்றத்தில்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் வீட்டு நாய் மணி இறந்தது. பன்னிரண்டு வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மிருக வைத்தியர் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். என் மகள் பிறந்தபோதே அந்த நாய் வீட்டில் இருந்தது. அவள் தவழ்ந்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான். படலையடியில் நிற்கும் பூவரச மரத்தின் கீழ் குழி வெட்டிப் புதைத்தோம். அன்று மாலை மகள் என்னிடம் வந்து கேட்டாள்:

"அப்பா, மணிக்கு எட்டு எப்ப?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் உறவினர் ஒருவர் காலமாகி, எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியமும் நடந்திருந்தன. கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்துவிட்டு வந்தவர்களை அவள் பார்த்திருந்தாள். ஒருவர் இறந்தால் இன்ன இன்ன நாளில் இன்ன இன்ன செய்ய வேண்டும் என்று அவள் மனத்திற் பதிந்திருந்தது. மணிக்கும் அப்படி ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

"நாய்க்கு அப்பிடியெல்லாம் இல்லைப் பிள்ளை" என்றேன்.

"அப்ப என்ன செய்யிறது?"

நேயர்களே, இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். மனிதர் இறந்தால் நமக்கு வழி இருக்கிறது. துடக்கு என்று ஒன்று உண்டு. அடுப்பு மூட்டாமல் இருக்கலாம். அயலவர் சாப்பாடு கொண்டு வருவார்கள். பாடசாலைக்குப் போகாமல் இருக்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அழுவதற்குப் பந்தல் உண்டு, ஒப்பாரி உண்டு. அழுது முடிப்பதற்கும் ஒரு நாள் உண்டு. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு வாழ்க்கையைத் தொடங்கு என்று சடங்கே நம்மைத் தள்ளிவிடுகிறது. மாட்டுக்காவது பட்டிப் பொங்கல் என்று ஆண்டுக்கொரு நாள் இருக்கிறது. நாய்க்கு எதுவும் இல்லை. வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவருடைய வாகனம் படலைக்குள் தலையை நீட்டினால் தடியை எடுக்கிறோம்.

மறுநாள் நான் வழமைபோலப் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸிற் போய்ப் பாடம் எடுத்தேன். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தலையிடி என்றேன். நாய் செத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் மகள் இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. வந்து பார்த்த ஒரு மாமி, "நாய் செத்ததுக்கே பிள்ளை இப்பிடிக் கிடக்குது? ஒரு குட்டியைப் பிடிச்சுத் தாறன், விடுங்கோ" என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் மகள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அமெரிக்கப் பேராசிரியரான கென்னத் டோக்கா என்பவர் 1989 இல் இத்தகைய துயருக்கு ஒரு பெயர் வைத்தார். சமூகம் அங்கீகரிக்காத துயர் என்று அதைத் தமிழிற் சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஆனால் அதற்காக அழும் உரிமையை ஊர் தருவதில்லை. எனவே துயரோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. வளர்ப்புப் பிராணிகளின் இறப்பும் இந்த வகையிற் சேரும். ஆனால் நம் மண்ணில் அந்த வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்வளவு மனிதர் செத்த மண் இது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள், நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நாய்க்காக அழுவதா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் இல்லை. இதற்குப் பின்னர் வருகிறேன்.

தமிழாசிரியன் என்ற வகையில் நான் முதலில் நூல்களிடம் போனேன். நம் மொழி நாயை எப்படி நடத்தியிருக்கிறது? வசைச் சொல்லாகத்தான் பெரும்பாலும். அடியார்கள் தம்மைத் தாழ்த்திச் சொல்ல விரும்பியபோது நாயினும் கடையவர் என்றார்கள். நாயைவிடத் தாழ்ந்த ஒன்றை அவர்களுக்குத் தேடக் கிடைக்கவில்லை போலும்.

ஆனால் விதிவிலக்கு உண்டு. நாலடியாரில் ஒரு செய்யுள் யானையையும் நாயையும் நட்புக்கு உவமையாக வைத்து நிறுத்துப் பார்க்கிறது. யானை பெரியதுதான், எனினும் பழகிய பாகனையே ஒரு நாள் கொன்றுவிடும். நாயோ, தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பிற் குத்தி நிற்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்கும். ஆகவே நாய் போன்றவரின் நட்பையே கொள்க என்கிறார் அந்தச் சமண முனிவர். வகுப்பில் எத்தனையோ தடவை இந்தச் செய்யுளுக்குப் பொழிப்பு எழுதுவித்திருக்கிறேன். உடம்பில் வேலோடு நிற்கும் ஒரு நாயை ஒருநாளும் மனக்கண்ணிற் பார்த்ததில்லை.

மகாபாரதத்தின் முடிவில் வரும் நாயை நீங்கள் அறிவீர்கள். தம்பியரும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட, தருமரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்கு வா என்று இந்திரன் அழைக்கிறான், தருமர் மறுக்கிறார். நம் ஊர்களிற் பாரதம் படித்துப் பயன் சொன்ன பெரியவர்கள் எடுத்துக்கொண்ட வில்லிபாரதம் போர் முடிவோடு நின்றுவிடுவதால் இந்தப் பகுதி அதில் இல்லை. கதையாகத்தான் நம்மிடம் வந்தது. உயர்ந்த கதை. ஆயினும் கடைசியில் அந்த நாய் நாயல்ல, தருமதேவதை என்று தெரியவருகிறது. என் மகளுக்கு அது உதவாது. மணி தருமதேவதை அல்ல. கருவாட்டைக் களவெடுத்துத் தின்ற சாதாரண நாய்.

சாதாரண நாய்க்கு நம் முன்னோர் ஏதேனும் செய்தார்களா? இங்கேதான் அந்தக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் பெற்றது. ஆநிரை கவர வந்தோரோடும், அவற்றை மீட்கவும் போரிட்டு மடிந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் அவை. அந்தப் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், எழுந்த கல். மகேந்திரவர்மன் என்றால் அப்பர் சுவாமிகளின் காலத்தவன் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா, அவனே. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபட்டான் என்று கல் சொல்கிறது. கல்லிலே வீரனின் உருவம். அவனருகில் ஒரு நாயின் உருவம். அந்த நாய்க்கும் தனியாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். அது இரண்டு கள்வரைக் கடித்தது, காத்திருந்தது. அவ்வளவுதான் செய்தி.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும், நேயர்களே. அந்தக் காலத்து எத்தனை மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும்?

கோவிவன் தனித்த ஒன்றும் அல்ல. விழுப்புரத்துக்கு அண்மையில் அரசலாபுரம் என்னும் ஊரில், கோழிப்போரில் நின்ற ஒரு சேவலுக்குக் கல் இருக்கிறது. கன்னட நாட்டில், மாண்டியா மாவட்டத்து ஆதகூரில், பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த கல்வெட்டு காளி என்ற வேட்டைநாயைப் பற்றிப் பேசுகிறது. சோழ இளவரசன் இராசாதித்தன் மடிந்த தக்கோலப் போரிலே சிறப்பாகப் பொருத மணலேரன் என்ற வீரன், தன் தலைவனான கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டது அந்த நாயைத்தான். காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் இறந்தன. நாய்க்குக் கல் நட்டு, வழிபாடு நடக்க நிலமும் விட்டார்கள். அந்தக் கல் இன்று பெங்களூர் அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கற்களிலே என்னை நிறுத்தியது அவற்றின் நடைதான். அங்கே புலம்பல் இல்லை. நாய் நன்றியுள்ளது என்ற பொது வாசகம் இல்லை. பெயர் என்ன, என்ன செய்தது. கோவிவன், இரு கள்வரைக் கடித்தது. துயரத்தில் இருப்பவனுக்கு இந்த இரண்டும் போதுமானவை என்று தோன்றுகிறது. பெயரை உரக்கச் சொல்வது; அது செய்ததை உள்ளபடி சொல்வது.

இன்னொன்றையும் தமிழாசிரியன் என்ற முறையிற் கவனித்தேன். காத்திருத்தல் என்ற சொல் நம் மொழியில் இரண்டு வேலை செய்கிறது. காவல் செய்தலும் காத்திருத்தல்தான், எதிர்பார்த்திருத்தலும் காத்திருத்தல்தான். எடுத்தனூர்க் கல்லைப் படிப்போர் காவல் இருந்தது என்றே பொருள் கொள்வர். ஆனால் எசமான் விழுந்துவிட்டான், நாய் நிற்கிறது. அது எருமைகளைக் காத்து நின்றதா, அவன் எழுந்து வருவான் என்று காத்து நின்றதா? அந்த வேறுபாடு நாய்க்குத் தெரிந்திருக்குமா?

ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாயின் கதை உலகறிந்தது. அதன் எசமானான பேராசிரியர் உயெனோ 1925 இல் திடீரெனக் காலமானார். அவர் நாள்தோறும் வந்திறங்கும் சிபுயா புகையிரத நிலையத்தில், தான் 1935 இல் இறக்கும்வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்த நாய் பார்த்துக்கொண்டிருந்தது. 1934 இல், அது உயிரோடிருக்கும்போதே, நிலையத்தின் முன் அதற்குச் சிலை வைத்தார்கள். கோவிவனுக்குக் கல் எடுத்த மனமும் அந்தச் சிலையை வைத்த மனமும் ஒன்றுதான்.

மணி இறந்த ஐந்தாம் நாள் இரவு, விறாந்தையில் இருந்து இந்தக் கோவிவன் கதையை மகளுக்குச் சொன்னேன். அவள் முதன்முறையாகக் கண்ணை உயர்த்திக் கேட்டாள். என் ஐயா சாய்மனைக் கதிரையிற் கிடந்தார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. அவர் நித்திரை என்றுதான் நினைத்தேன். நான் சொல்லி முடித்ததும் இருட்டுக்குள் இருந்து அவர் குரல் வந்தது.

"வீரனை நான் கட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

இதை விளங்கிக்கொள்ள நீங்கள் என்னோடு 1991 ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். 1990, 1991 ஆம் ஆண்டுகளில், படையினர் தீவகத்துக்குள் இறங்க, நம் தீவக மக்களிற் பெரும்பாலானோர் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். நாங்கள் போனது 1991 இல். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் வீரன் என்று ஒரு கடுவன் நாய் இருந்தது. அராலிக் கரைக்குப் போகும் வள்ளத்தில் மனிதருக்கே இடம் இல்லை. வீரன் எங்கே என்று கேட்டு நான் அழுதது நினைவிருக்கிறது. "அது எங்கேயோ ஓடிப்போட்டுது, பிறகு வரும்" என்றார் ஐயா. நான் அதை நம்பினேன். ஓடிப்போன நாய் எங்கேயோ பிழைத்திருக்கும் என்று பல வருடம் நம்பினேன்.

"பின்னாலை ஓடி வந்திட்டான்" என்றார் ஐயா. "கரை வரைக்கும் வந்தான் எண்டால் தண்ணிக்குள்ளை குதிச்சிடுவான். திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து பூவரசிலை கட்டினன். ஒரு சட்டி நிறையத் தண்ணி வைச்சனான். மூண்டு நாளிலை வந்திடலாம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை." சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இறுக்கிக் கட்டேல்லை" என்றார். "இழுத்தால் அவிழும்." மீண்டும் சொன்னார்: "இறுக்கிக் கட்டேல்லைத் தம்பி."

நாங்கள் திரும்பி வந்தது 2010 இல். கூரை இல்லை, நிலைகள் இல்லை, வளவு முழுவதும் பற்றை. அன்று ஐயா வீட்டுக்குள் போகவில்லை. நேரே பூவரசடிக்குப் போய்க் குனிந்து, அடிமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லைக் கல்லைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கத்தியோடு பற்றை வெட்டினேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்த மரத்தில் கயிற்றுத் தடம் இருக்குமா? அவர் தேடியிருக்கிறார்.

இப்போது முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். மனிதர் செத்த மண்ணில் நாய்க்கு அழலாமா? ஐயாவும் இதே கேள்வியைத்தான் தன்னிடம் கேட்டிருக்கிறார். கேட்டு, அழக்கூடாது என்று முடிவு செய்து, முப்பது வருடத்துக்கு மேலாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அதனால் இறந்த மனிதர் எவருக்கும் கூடுதலாக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடைத்துவிடவில்லை. துக்கம் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கும் அரிசி அல்ல. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும் என்பதற்கு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயை விட்டுவிட்டு வந்த வீடுகள் எத்தனை! அந்த வீடுகளில் எல்லாம் சொல்லப்படாத ஒரு பெயர் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றிரவு மகள் எழுந்து போய் அப்பப்பாவின் கதிரையடியில் இருந்தாள். வீரன் என்ன நிறம், என்ன தின்னும், யாரைக் கண்டால் குரைக்கும் என்று கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சிவலை நிறம். ஒரு காது மடிந்திருக்கும். தபாற்காரரைக் கண்டால் குரைக்கும், சந்நியாசிகளைக் கண்டால் குரைக்காது. ஒருமுறை கிணற்றடியிற் கிடந்த புடையனை அம்மா மிதிக்கப் போனபோது சீலையைப் பிடித்து இழுத்தது. இவை எதுவும் எனக்குத் தெரியாது, அல்லது மறந்துபோயிருந்தேன். அன்று மகள் சாப்பிட்டாள். ஐயாவும் ஒரு பிடி கூடச் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். சடங்கு என்று அதைச் சொல்லமாட்டேன். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. பழைய மதிலில் இருந்து விழுந்து கிடந்த ஒரு முருகைக்கல்லை எடுத்துக் கழுவிப் பூவரசடியில் நட்டோம். என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். கோவிவனுக்கு எழுதியதுபோல எழுது என்றேன். பெயர், செய்தது. அவள் நீலப் பெயின்ரால் எழுதினாள்: மணி. அப்பப்பா கிணற்றடியில் விழுந்தபோது குரைத்து ஆட்களைக் கூப்பிட்டது. இடம் மிச்சம் இருந்தது. அப்பப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அதன் கீழே எழுதினாள்: வீரன். இந்த மரத்தடியில் காத்திருந்தது.

ஐயா கிட்டப் போய் எழுத்துக் கூட்டி வாசித்தார். "காத்திருந்தான் எண்டு எழுது பிள்ளை" என்றார்.

அவள் அழித்துத் திருத்தி எழுதினாள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிராணி இறந்துபோகலாம். நாய், பூனை, ஆடு, பசு, கூட்டில் வளர்த்த கிளி, எதுவாயினும் சரி. அப்போது பிள்ளைகளிடம் ஓடிப்போட்டுது என்று சொல்லாதீர்கள். செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். புதைக்கும்போது அவர்களையும் ஒரு பிடி மண் போடவிடுங்கள். உடனே வேறு குட்டியைக் கொண்டுவந்து கையிற் கொடுக்காதீர்கள். அதற்கு ஒரு காலம் வரும். அழுபவரைப் பார்த்து, நாய்தானே என்று சொல்லாதீர்கள். அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். அது என்ன செய்யும் என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருந்து கேட்டுக்கொண்டிருங்கள். எடுத்தனூர்க்காரர் உளியால் செய்ததை நாம் காதால் செய்யலாம்.

ஐயா இந்த வருடம் மேலும் தளர்ந்துவிட்டார். மாலை வேளைகளில் கதிரையைப் படலைப் பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார். மழையில் பெயின்ற் மங்கிவிட்டது. இந்த விடுமுறையில் மீண்டும் எழுதவேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.